கதவடைத்த உலகும் கடல் கடந்த குடும்பமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் ஏறுவோர் சமயத்தைப் பற்றியோ தமிழைப் பற்றியோ பேசுவது வழக்கம். மிஷன் பாடசாலையிற் படித்து, இப்பொழுது சர்வகலாசாலையிற் பயிலும் எனக்கு, அவ்விரண்டைப் பற்றியும் பெரியோர் முன்னிலையிற் பேசும் தகுதி போதாது. ஆதலால் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். செயலாளர் அவர்கள் மனமுவந்து இசைந்தார்கள்.

கொள்ளைநோய்க் காலத்திற் பிள்ளைகளோடு நாடு விட்டு நாடு போதல் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். "அது முடிந்துபோன கதையாயிற்றே!" என்று சிலர் நினைக்கக்கூடும். நோய் தணிந்தது, விமானங்களும் பறக்கின்றன, உண்மைதான். ஆயினும் துறைமுகத்தைச் சுற்றியுள்ள நம் தெருக்களில் எத்தனை வீடுகளில் இன்றும் வெளிநாட்டு விண்ணப்பங்களை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். உலகம் இன்னொரு முறை கதவடைக்காது என்று யாரால் உறுதி கூற முடியும்?

என் அக்காவும் அத்தானும் 2018ஆம் ஆண்டிற் கனடாவிற் குடியேற விண்ணப்பித்தார்கள். அத்தான் துறைமுகப் பகுதியில் இயந்திரம் திருத்தும் வேலையில் இருந்தார். 2019 டிசம்பரில் வைத்தியப் பரிசோதனை முடிந்தது. 2020 பெப்ரவரிக் கடைசியிற் கடவுச்சீட்டுகளை அனுப்பும்படி கடிதம் வந்தது. கடவுச்சீட்டைக் கேட்டுவிட்டால் காரியம் முடிந்ததென்பது நம்மூர்க் கணக்கு. அத்தான் வேலையை விட்டார். அலுமாரி, தையல் இயந்திரம், மூத்த பிள்ளையின் தொட்டில் ஆகிய எல்லாம் விலைப்பட்டன. தொட்டிலை விற்றபொழுது அக்கா கர்ப்பவதி. "அங்கே புதிது வாங்கலாம்" என்றார்கள்.

மார்ச்சு 11ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் கொரோனாவை உலகளாவிய கொள்ளைநோய் என்று அறிவித்தது. 18ஆம் திகதி கனடா தன் வாசலை வெளிநாட்டவர்க்கு அடைத்தது. 19ஆம் திகதி கட்டுநாயக்க விமான நிலையம் வரும் பயணிகளுக்கு மூடப்பட்டது. 20ஆம் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் வந்தது. பத்தே நாளில், ஒரு குடும்பம் இரண்டு ஆண்டுகளாகக் கட்டியெழுப்பிய திட்டம் நடுவழியில் நின்றது.

குடியேற்ற அனுமதிப் பத்திரம் ஜூன் மாதத்தில் வந்து சேர்ந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அத்தான் நெடுநேரம் பேசாதிருந்தார். காரணம் இதுதான். மார்ச்சு 18ஆம் திகதியன்றோ அதற்கு முன்னரோ அனுமதி பெற்றவர்கள் போகலாம். அதன்பின் பெற்றவர்கள், விசேட விலக்குக் கிடைத்தாலன்றிப் போக முடியாது என்பது சட்டம். எங்களுடைய பத்திரத்தில் இருந்ததோ ஜூன் மாதத் திகதி.

ஆகஸ்ட்டில் மருமகன் பிறந்தான். குடும்பம் நால்வராயிற்று, ஆனால் பத்திரம் மூவருக்கே இருந்தது. பால் குடிக்கும் பிள்ளைக்கும் பிறப்புப் பத்திரம், கடவுச்சீட்டு, வைத்தியச் சோதனை, தனி விண்ணப்பம் எல்லாம் வேண்டும். பாடசாலையில் நான் கேட்ட வேதாகமக் கதையொன்றில் யோசேப்பும் மரியாளும் கைக்குழந்தையோடு இரவோடிரவாக எகிப்துக்குப் போவார்கள். எல்லையில் எவரும் அவர்களிடம் குழந்தையின் படத்தைக் கேட்டதாக அதில் இல்லை. எங்கள் மருமகனோ கண் திறக்காத படத்தினால் இரண்டு முறை படம்பிடிக்கும் கடைக்குப் போக நேர்ந்தது.

டிசம்பரில் வைத்தியப் பரிசோதனைக்கு ஓராண்டு நிறைந்தது. அத்தோடு அனுமதிப் பத்திரமும் காலாவதியாயிற்று.

பெரியோர்களே, பணமுடை பெரிய துன்பந்தான். அதைவிடப் பெரிய துன்பமொன்றை அப்பொழுது கண்டேன். அத்தான் பகலில் வெளியே போவதை விட்டுவிட்டார். சந்தியிற் காண்பவர்கள் எல்லோரும் "இன்னும் போகேல்லையா?" என்று கேட்டார்கள். கேட்டவர்களிற் கெட்டவர் எவருமில்லை. ஆயினும் ஒரு நாளைக்கு ஐந்து பேருக்கு அதே மறுமொழியைச் சொல்லும் மனிதனுடைய நிலையை நினைத்துப் பாருங்கள். உண்மையைச் சொன்னால், நானும் கூடாதவனாகவே நடந்தேன். அவர்கள் இருந்த அறை எனக்குரியது. படிப்பதற்கு இடமில்லையென்று ஒருநாள் அம்மாவிடம் முணுமுணுத்தேன். அது அக்காவின் காதில் விழுந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பாயைச் சுருட்டிக்கொண்டு பிள்ளைகளோடு விறாந்தைக்குப் போய்விட்டாள். அதற்காக இன்றும் நான் வெட்கப்படுகின்றேன்.

அதே காலத்தில் வேறொன்றும் நடந்தது. தொட்டிலை வாங்கியவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு நானா. பிள்ளை பிறந்த செய்தி கேட்டு, தொட்டிலைத் தம் முச்சக்கர வண்டியின் மேற் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். "போற நேரம் திருப்பித் தாங்க தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். "எப்போது போகிறீர்கள்?" என்று அவர் கேட்கவில்லை. அன்றிரவு அத்தான் வெகுநாட்களின் பின் வயிறாரச் சாப்பிட்டார்.

2021 பெப்ரவரியில் எங்கள் அம்மம்மா காலமானார். அக்காவின் மடியிலேயே தலை சாய்த்திருந்தார். தடை இல்லாதிருந்தால் அக்கா அப்போது கனடாவில் இருந்திருப்பாள், கைத்தொலைபேசியிலே அழுதிருப்பாள். காத்திருந்த காலம் முழுவதும் வீண்போன காலமன்று என்று அம்மா இன்றும் சொல்வார்.

2021 ஜூன் 21ஆம் திகதி முதல், செல்லுபடியான அனுமதிப் பத்திரமுள்ள எல்லோரும் வரலாமெனக் கனடா அறிவித்தது. மீண்டும் வைத்தியச் சோதனை செய்து, மீண்டும் கடவுச்சீட்டுகளை அனுப்பினார்கள். ஆகஸ்ட் மாதம் நால்வர்க்கும் பத்திரம் வந்தது. செப்டெம்பர் முதல் வாரம் புறப்பட்டார்கள். நாடு அப்போதும் அடைபட்டிருந்தது. ஆகஸ்ட் 20 முதல் அக்டோபர் 1 வரை ஊரடங்கு. விமானச் சீட்டைக் காட்டிக் காட்டி, இரவு முழுவதும் வானிற் போனோம்.

புறப்படுமுன் பி.சி.ஆர். சோதனை செய்ய வேண்டியிருந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அது வேண்டியதில்லை. எங்கள் மருமகளுக்கு ஐந்து வயது நிரம்பி இரண்டு மாதம். முதலிற் புறப்பட்டிருந்தால் அவளுக்கு இந்தத் துன்பம் இல்லை. மூக்கில் குச்சியை விட்டபோது அவள் அழுத அழுகையை எண்ணி, "இரண்டு மாதம், இரண்டு மாதம்" என்று அத்தான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். விமான நிலையத்துள் எங்களை விடவில்லை. வாசலிலேயே பிரிந்தோம்.

அவர்கள் போட்டிருந்தது சினோபாம் தடுப்பூசி. அதைக் கனடா அவ்வாண்டு நவம்பர் 30ஆம் திகதியே ஏற்றுக்கொண்டது. ஆகவே இரண்டு ஊசியும் போட்டிருந்தும், ஸ்காபரோவில் உறவினர் ஒருவரின் நிலக்கீழ் அறையில் பதினான்கு நாள் அடைபட்டிருந்தார்கள். உறவினர் உணவைப் படிக்கட்டில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டுவார். இன்று அவர்கள் நலமே. முதலாண்டு அத்தான் பண்டகசாலையொன்றில் இரவு வேலை செய்தார். இப்போது தம் தொழிலிலேயே இருக்கிறார்.

அன்பர்களே, இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. அவுஸ்திரேலியா 2020 மார்ச்சு முதல் வெளியார் வருவதைத் தடுத்ததோடு, தன் குடிமக்கள் வெளியே போவதையுங்கூட அனுமதியின்றித் தடுத்தது. வளைகுடா நாடுகளில் வேலையிழந்த நம் நாட்டவர் பலர் திரும்பி வர விமானமின்றி மாதக்கணக்கிற் காத்திருந்தார்கள். போக இருந்தவர் போக முடியவில்லை. வர இருந்தவர் வர முடியவில்லை.

நோய்க்கு அஞ்சிப் பயணியை மறித்து வைப்பது புதிய வழக்கமும் அன்று. 1377இல் இன்றைய குரோசியாவிலுள்ள ரகூசா என்னும் துறைமுக நகரம், நோயுள்ள இடங்களிலிருந்து வருவோரை முப்பது நாள் புறத்தே நிறுத்தச் சட்டம் செய்தது. நமக்கு மிக அண்மையிலும் இதற்கு ஒரு சான்று உண்டு.

நம் மலைநாட்டுத் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்த மக்களிற் பலர் மனைவி மக்களோடு வந்தவர்கள். 19ஆம் நூற்றாண்டில் அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தார்கள். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் மாண்டவர்கள் பலர். 1896இற் பம்பாயிற் பிளேக்கு நோய் தோன்றியது. அந்நோய் தீவுக்குள் வராதபடி, இலங்கை அரசாங்கம் தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள தட்டப்பாறையிலும் பின்னர் மண்டபத்திலும் முகாம்கள் நடத்தியது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியது. தோட்டங்களுக்குப் போகும் குடும்பங்களை மண்டபத்திற் சில நாள் மறித்து, அம்மைப்பால் வைத்து, நோயில்லையென்று கண்ட பின்னரே கப்பலேற்றினார்கள்.

அம்முகாமின் பிற்கால வரலாறு இன்னும் சிந்திக்கத்தக்கது. 1983இன் பின் இலங்கையிலிருந்து ஓடிய நம் மக்களுக்கு அதே மண்டபம் அகதி முகாமாயிற்று. 2022 மார்ச்சு 22ஆம் திகதி, பொருளாதார நெருக்கடி தாங்காது படகேறிய பதினாறு பேர் தமிழகக் கரையை அடைந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினரைப் படகுக்காரர் தனுஷ்கோடிக்கு அருகே ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். அவர்களுள் நான்கு மாதக் குழந்தை ஒன்றும் இருந்தது. இந்தியக் கரையோரக் காவற்படையினர் அவர்களை மீட்டார்கள். பின்னர் அவர்கள் போய்ச் சேர்ந்த இடமும் மண்டபமே. அதன்பின் நம் திருகோணமலையிலிருந்தும் குடும்பங்கள் அவ்வழியே போயின. ஒரு நூற்றாண்டுக்கு முன் இங்கே வருவதற்குக் காத்திருந்த இடத்தில், இன்று இங்கிருந்து போனவர்கள் காத்திருக்கின்றார்கள்.

இவற்றிலிருந்து நான் அறிந்துகொண்டது ஒன்றே. நோய்க் காலத்தில் ஒரு நாடு கதவடைப்பது குற்றமன்று. தன் மக்களின் உயிரைக் காக்க அது வேண்டியிருக்கலாம். ஆனால் கதவை அடைப்பவர், கதவின் வெளியே பிள்ளையோடு நிற்பவரை மறந்துவிடுவது குற்றம். அந்தக் குற்றத்தைத் தூரத்து அரசாங்கங்கள் மட்டும் செய்யவில்லை. சந்தியில் நின்ற நாமும் செய்தோம். என் அறைக்காக முணுமுணுத்த நானும் செய்தேன்.

ஆதலால் சங்கத்தின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கின்றேன்.

முதலாவது, போக நினைக்கும் என் வயதினருக்கு. கடல் கடந்து பொருள் தேடுவதை நம் முன்னோர் குறைவாகக் கருதவில்லை. ஆனால் அனுமதி கையில் வருமுன் வேலையை விடாதீர்கள். வீட்டுப் பொருளை விற்காதீர்கள். வைத்தியச் சோதனையின் திகதியைக் குறித்து வையுங்கள். பத்திரத்தின் ஆயுள் பெரும்பாலும் அதிலேயே தங்கியிருக்கிறது. பிள்ளை பிறந்தால் உடனே அறிவியுங்கள்.

இரண்டாவது, படகுப் பயணம். படகில் வருவோரைக் குடியேற்றுவதில்லை என்பது அவுஸ்திரேலியாவின் பல்லாண்டுக் கொள்கை. 2022இல் இங்கிருந்து போன படகுகளையும் அது திருப்பியே அனுப்பியது. தரகருக்குக் கொடுத்த பணம் திரும்பாது. கடலிற் போன குழந்தையும் திரும்பாது. உங்கள் தெருவில் எவராவது இதை யோசிப்பதாகக் கேள்விப்பட்டால் வாய்மூடி இராதீர்கள்.

மூன்றாவது, நம் மண்டபத்தில் ஞாயிறுதோறும் காலையில் இரண்டு மணிநேரம் ஒரு மேசை போடுவோம். ஆங்கிலம் தெரிந்த நாங்கள் சிலர் அங்கே இருந்து, விண்ணப்பங்களையும் கடிதங்களையும் இலவசமாக வாசித்துப் பொருள் சொல்வோம். எங்கள் வீட்டுக்கு வந்த கடிதங்களை வாசித்துச் சொல்ல ஒரு தரகர் ஒவ்வொரு முறையும் பணம் வாங்கினார். அவற்றில் இருந்ததெல்லாம் பத்தாம் வகுப்பு மாணவன் வாசிக்கக்கூடியவை.

நான்காவது, பின்னே இருப்பவர்கள். பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தனியே இருக்கும் தாய் தந்தையர் நம் தெருக்களிற் பலர். எங்கள் அம்மா இன்றும் மாலையிற் கோணேசர் கோயிலுக்குப் போய் வந்தபின் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்; இங்கே மாலையென்றால் அங்கே காலை. இத்தகையோர் வீடுகளுக்கு வாலிபர் இருவர் இருவராக வாரமொருமுறை போய்வருதல் பெரிய காரியமன்று. மருந்து வாங்கிக் கொடுக்கலாம். ஒன்றுமில்லாவிட்டால் உட்கார்ந்து பேசலாம்.

நான் போவேனா, இருப்பேனா என்று பலர் கேட்கிறார்கள். உண்மையாகவே எனக்கு இன்னும் தெரியாது. படிப்பு முடிய இரண்டாண்டு இருக்கிறது. போனாலும் இருந்தாலும், காத்திருப்பவனைப் பார்த்து "இன்னும் போகேல்லையா?" என்று மட்டும் கேட்கமாட்டேன்.

சொல்ல மறந்துவிட்டேன். அக்கா புறப்பட்ட மறுநாள் தொட்டிலை நானே கிண்ணியாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நானாவின் மகளுக்கு அடுத்த மாதம் பிள்ளைப்பேறு. தொட்டிலுக்கு அங்கே வேலை இருந்தது.