எலும்பை அரிக்கும் செல் எதிரியா?

குழந்தையின் பால் பல் விழுந்ததும் அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேல் பகுதி முழுசாக இருக்கும். வேர் பெரும்பாலும் இருக்காது. நிலைப்பல் அடியிலிருந்து மேலேறி வரும்போது, சில செல்கள் அந்த வேரைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தின்றிருக்கும். அதே இனத்துச் செல்கள் நம் எலும்புகளிலும் ஆயுள் முழுக்க வேலை செய்கின்றன. ஆஸ்டியோகிளாஸ்ட் என்று அவற்றுக்குப் பெயர். எலும்புத் தேய்மானம் என்ற பேச்சு வந்தாலே இந்தச் செல்லைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறார்கள். அது நியாயமில்லை என்பது என் கருத்து. இந்த அரிப்பு நடக்காவிட்டால் எலும்பு உறுதியாக இருக்கவே முடியாது.

அந்தச் செல் வேலை செய்யும் விதத்தைக் கவனித்தாலே அது கண்மூடித்தனமான நாசம் இல்லை என்று புரியும். எலும்பில் இரண்டு பொருள்கள் பின்னிக் கிடக்கின்றன: கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாது, கொலாஜன் என்னும் புரத நார். தாதுவைக் கரைக்க அமிலம் வேண்டும். நாரை வெட்ட நொதி வேண்டும். இவை இரண்டும் கண்ட இடத்தில் கசிந்தால் பக்கத்துத் திசுக்கள் வெந்துபோகும். அதனால் ஆஸ்டியோகிளாஸ்ட் முதலில் எலும்போடு ஒட்டிக்கொள்கிறது. இரத்த வெள்ளணுக்களின் வம்சத்தில் வந்த பல செல்கள் ஒன்றாகக் கலந்து உருவான பெரிய செல் இது. ஒரே உடலுக்குள் பல உட்கருக்கள் இருக்கும். அதன் மேற்பரப்பிலுள்ள இன்டெக்ரின் என்ற புரதம், எலும்பில் பதிந்திருக்கும் ஆஸ்டியோபான்டின் போன்ற புரதங்களை அடையாளம் கண்டு பற்றிக்கொள்கிறது. உடனே செல்லுக்குள் ஆக்டின் இழைகள் ஒரு வளையமாகத் திரள்கின்றன. தரையில் கவிழ்த்து அழுத்திய கிண்ணத்தின் விளிம்புபோல அந்த வளையம் எலும்பின்மீது இடைவெளியில்லாமல் படிகிறது. வளையத்தின் நடுவே செல்லின் சவ்வு மடிப்பு மடிப்பாகச் சுருங்குகிறது. அந்த மடிப்புகளிலிருந்து ஹைட்ரஜன் அயனிகளும் குளோரைடும் வெளியேறி, அடைபட்ட அந்தச் சிறு இடத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகின்றன. இரத்தத்தின் பிஎச் அளவு சுமார் 7.4, இங்கே அது 4.5 வரை இறங்குகிறது. ஹைட்ரஜன் அயனிக் கணக்கில் அது ஏறத்தாழ 800 மடங்கு. தாது கரைந்ததும் கேத்தெப்சின் கே என்ற நொதி கொலாஜனை வெட்டுகிறது. வெட்டுண்ட துணுக்குகளைச் செல்லே விழுங்கி, தன் உடல் வழியாகக் கடத்தி, மறுபக்கம் வெளியே விடுகிறது. எலும்பு அரிப்பின் வேகத்தை அறியச் செய்யப்படும் சிடிஎக்ஸ் இரத்தப் பரிசோதனை, இந்தக் கொலாஜன் துணுக்குகளைத்தான் அளக்கிறது.

இந்தச் செல் வேலை செய்யாமல் போனால் என்ன ஆகும்? அதற்கு விடை தரும் நோய் ஒன்று உண்டு: ஆஸ்டியோபெட்ரோசிஸ். எலும்பு கல்லாக இறுகுகிறது. ஆனால் எளிதில் முறிகிறது. பழைய எலும்பு அகற்றப்படாததால் மஜ்ஜைக்கு இடமில்லாமல் இரத்தசோகை வருகிறது. மண்டையோட்டில் நரம்பு செல்லும் துளைகள் குறுகிப் பார்வை பறிபோகிறது. கடுமையான வகையாக இருந்து சிகிச்சையும் இல்லாவிட்டால், குழந்தை பத்து வயதைத் தாண்டுவது அரிது. 1970களில் இதே குறையுள்ள சுண்டெலிகளுக்கு ஆஸ்டியோகிளாஸ்டாக மாறக்கூடிய ஆரோக்கியமான மஜ்ஜைச் செல்களைச் செலுத்தியபோது, எலும்பு அரிபடத் தொடங்கியது, நோய் நீங்கியது. 1980இல் ஒரு குழந்தைக்கு இதே வழியில் மஜ்ஜை மாற்று சிகிச்சை பலித்த செய்தி வெளியானது. எலும்பை அரிக்கும் செல்லைக் கொடுத்துத்தான் அந்தக் குழந்தையின் எலும்பைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. என் வாதத்துக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

"அப்படியானால் வயதான பெண்களுக்கு இடுப்பு எலும்பு முறிவது எதனால்? இந்தச் செல்லை அடக்கத்தானே மருந்து தருகிறார்கள்?" என்று கேட்கலாம். கேள்வி சரியானதுதான். அரித்த குழியைப் புது எலும்பால் நிரப்ப வேறு செல்கள் வருகின்றன. ஒரு குழியை அரிக்கச் சில வாரங்கள் போதும். நிரப்ப மாதங்கள் ஆகும். மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் ஆஸ்டியோகிளாஸ்டுகள் பெருகுகின்றன, கூடுதல் நாள் உயிர்வாழ்கின்றன. நிரப்பும் வேலை பின்தங்கிவிடுகிறது. கெட்டுப்போனது சமநிலை. கால்சியம் மாத்திரை மட்டும் போதாதா என்றால், போதாது. உணவில் கால்சியம் குறைந்தால் உடல் எலும்பிலிருந்து எடுக்கும் என்பதால் அது அவசியம்தான். ஆனால் ஈஸ்ட்ரோஜன் விட்டுப்போன கட்டுப்பாட்டை அதனால் ஈடுகட்ட முடியாது. எனவே மருந்து தேவைப்படுகிறது, முறிவுகளை நன்றாகவே குறைக்கிறது. ஆனாலும் அரிப்பைப் பல ஆண்டுகள் ஒரேயடியாக அடக்கி வைத்தால், அரிதாகத் தொடை எலும்பே வழக்கத்துக்கு மாறான இடத்தில் முறிவதும் பதிவாகியிருக்கிறது. அதனால்தான் அரிப்பை அடக்கும் பிஸ்பாஸ்போனேட் மாத்திரைகளைச் சில ஆண்டுகளுக்குப் பிறகு நிறுத்தி வைக்கலாமா என்று மருத்துவர்கள் பரிசீலிக்கிறார்கள். அந்த மருந்து எலும்பிலேயே தங்கி, நிறுத்திய பிறகும் கொஞ்ச காலம் காக்கும்.

அரிப்பை அடக்க ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் டெனோசுமாப் ஊசிக்கு எலும்பில் தங்கும் அந்தக் குணம் கிடையாது. அதை விட்டவுடன் அடங்கிக் கிடந்த அரிப்பு வேகமாகத் திரும்பி, முதுகெலும்புகள் அடுத்தடுத்து முறியக்கூடும். அந்த ஊசி போட்டுக்கொள்பவர்கள், வலி இல்லை, உடம்பு தேவலை என்று நினைத்து அடுத்த தவணையை மருத்துவரைக் கேட்காமல் தள்ளிப்போட வேண்டாம்.