சூளையும் கணக்கு நோட்டும்



பாகிஸ்தானில் தொடங்கி வட இந்தியா, நேபாளம், வங்கதேசம் வரை நீளும் நிலப்பரப்பை ஆய்வாளர்கள் 'செங்கல் பட்டை' என்கிறார்கள். அங்கே மொத்தம் எத்தனை சூளைகள்? பல சூளைகள் எந்தப் பதிவேட்டிலும் ஏறாதவை. இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில், நவீன அடிமைமுறையை ஆராயும் 'ரைட்ஸ் லேப்' குழுவினர் அவற்றை வானத்திலிருந்து எண்ணிப் பார்த்தார்கள். அந்தப் பக்கத்துச் சூளைகள் பெரும்பாலும் நீள்வட்டமாக, நடுவில் புகைபோக்கியோடு இருக்கும். செயற்கைக்கோள் படத்தில் பளிச்சென்று தெரியும். மாதிரிக்கு எடுத்த பகுதிகளின் படங்களில் தன்னார்வலர்கள் சூளைகளைக் குறித்துக் கொடுத்தார்கள். அதை வைத்து 2018-ல் வெளியான மதிப்பீடு: 55,387 சூளைகள்.

நல்ல வேலைதான். எங்கே போய்ச் சோதனையிடலாம் என்று பார்க்க இத்தகைய படங்கள் அதிகாரிகளுக்கு உதவும். ஆனால் எல்லாச் சூளையிலும் கொத்தடிமைகள் இருப்பதில்லை. இருக்கிறார்களா என்று அந்தப் படம் சொல்லாது. அதற்குச் சூளை முதலாளியின் கணக்கு நோட்டைப் பார்க்க வேண்டும்.

சீசன் தொடங்கும் முன்பே தொழிலாளிக்கு அட்வான்ஸ் கைமாறிவிடும். கல்யாணச் செலவோ, வைத்தியச் செலவோ, அந்தப் பணம் ஊரிலேயே கரைந்துவிடும். பிறகு குடும்பத்தோடு சூளைக்குப் போய் மண் குழைத்து, அச்சில் அடித்து, வெயிலில் காயவைக்க வேண்டும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. கணவனும் மனைவியும் சேர்ந்து உழைத்தாலும் நோட்டில் பெரும்பாலும் கணவன் பெயர்தான் இருக்கும். காய்கிற கல்லைப் புரட்டிப் போடும் பிள்ளைக்கு அதில் இடமே கிடையாது. மழையில் பச்சைக்கல் கரைந்தால் பல இடங்களில் அந்தக் கூலியும் போச்சு. வாராவாரம் அரிசி, பருப்புக்குக் கொடுக்கும் காசும் பற்றில் ஏறும். சீசன் முடிவில் பாக்கி இருந்தால் அடுத்த வருஷமும் அதே சூளைதான். பாக்கி எவ்வளவு என்பது நோட்டு வைத்திருப்பவருக்குத்தான் வெளிச்சம்.

நம் தமிழ்நாட்டுச் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் இதே அட்வான்ஸில் சிக்கிய குடும்பங்கள் மீட்கப்பட்டிருக்கின்றன. இந்தியாவில் 1976-ன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இப்படிப்பட்ட கடனை ரத்தாக்கிவிட்டது. கடனாளி ஒரு பைசா திருப்பித் தர வேண்டியதில்லை. அதே சட்டத்தின் 15-வது பிரிவு அதிகம் பேசப்படுவதில்லை. 'இது கொத்தடிமைக் கடன்' என்று தொழிலாளி சொன்னால், இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர். இது தெரிந்தும் "எழுத்து ஆதாரம் இருக்கா?" என்று தொழிலாளியைக் கேட்கும் அதிகாரி ஆள்மாறிக் கேட்கிறார். நோட்டு இருப்பது முதலாளியின் மேஜையில்.