வீட்டுக் கணக்கு வகுப்பறைக்கு வரட்டும்

(திருநின்றவூரில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிப்பிடுதல் என்னும் திறனைக் கணித வகுப்பில் எப்படி வளர்ப்பது என்று பேசச் சொன்னார்கள். தலைப்பு பெரியது. அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு புது வீடு கட்ட என்ன செலவாகும் என்று கணக்கிடுவது. இந்த ஊரில் ரயிலை விட்டு இறங்கி எந்தப் பக்கம் நடந்தாலும் ஜல்லிக் குவியலும் சென்ட்ரிங் பலகையும் கண்ணில் படும். நம் பிள்ளைகளின் பெற்றோரில் சிலர் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பலர் அடுத்தவர் வீட்டைக் கட்டிக்கொடுக்கிறார்கள். கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுகிறவர், டைல்ஸ் போடுகிறவர் என்று வகுப்புக்கு ஏழெட்டுப் பேராவது தேறுவார்கள்.

இந்த ஊருக்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. பூசலார் நாயனாரின் ஊர் இது. கோயில் கட்டப் பொருள் தேடி அலைந்தும் கிடைக்காமல், மனத்திலேயே கட்டி முடித்தவர். காஞ்சியில் கற்றளி எடுத்த பல்லவ மன்னன் குடமுழுக்குக்குக் குறித்த அதே நாளில் இவருடைய மனக்கோயிலுக்கும் குடமுழுக்கு. இறைவன் மன்னன் கனவில் தோன்றி, நாளை மாற்றச் சொன்னதாகக் கதை. பக்கத்துக் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் பாடியிருக்கிறார். இருதயாலீசுவரர் கோயிலை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அந்தப் பகுதியைக் கணித ஆசிரியராக ஒருமுறை படித்துப் பாருங்கள். முதலில் பொருள்களைத் தேடுகிறார், கூடவே தச்சர்களைத் தேடுகிறார். நல்ல நாள் பார்க்கிறார். அடிநிலை போடுகிறார். வரிசை வரிசையாக மேலே எழுப்புகிறார். சிகரத்தை நினைத்த முழ அளவில் முடிக்கிறார். தூபி நட்டு, சுதை பூசுகிறார். அதோடு நிற்கவில்லை. கிணறு வெட்டுகிறார், சுற்றி மதில் எழுப்புகிறார், குளமும் தோண்டுகிறார். பொருள், ஆள், நாள், அளவு, பூச்சு, கடைசியில் கிணறும் மதிலும் குளமும். பணம் ஒன்றைத் தவிர எதுவும் விட்டுப்போகாத மதிப்பீடு இது.

நம் காலத்து வீட்டுக் கணக்கில் விட்டுப்போவது எது என்று கட்டி முடித்தவர்களைக் கேளுங்கள். போர் போட்டது, சுற்றுச்சுவர், செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி என்பார்கள். பூசலார் மறக்காத இடங்களில்தான் நாம் மறக்கிறோம்.

காரணம், நம் ஊரில் எல்லாரும் ஒரே கணக்கைத்தான் போடுகிறோம். சதுர அடிக்கு எவ்வளவு? 600 சதுர அடி, சதுர அடிக்கு 2,300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 13,80,000 ரூபாய். ஒரு பெருக்கலில் முடிந்தது. இதைத் தவறு என்று சொல்லமாட்டேன். முதல் பார்வைக்கு அது உதவும். ஆனால் அந்த ஒற்றை எண்ணுக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று கேட்கத் தெரியாதவர் கையில் அது ஆபத்து.

ஓர் எளிய கேள்வியை ஐந்தாம் வகுப்பிலேயே கேட்கலாம். 20 அடிக்கு 30 அடி வீடு, 10 அடிக்கு 60 அடி வீடு. இரண்டின் பரப்பும் 600 சதுர அடிதான். வெளிச்சுவரின் நீளம்? முதல் வீட்டுக்கு 100 அடி, இரண்டாவதற்கு 140 அடி. செங்கல், சிமென்ட், பூச்சு, பெயின்ட், ஆள் கூலி எல்லாம் வெளிச்சுவரில் 40 விழுக்காடு கூடுகிறது. குறுகலான மனை மலிவாகக் கிடைத்தது என்று வாங்குகிறவர்கள் இந்த 40 அடியை யோசிப்பதில்லை. பரப்பளவையும் சுற்றளவையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்வதாக நாம் சலித்துக்கொள்கிறோம். பெரியவர்கள் அதே குழப்பத்தில் கையெழுத்தே போட்டுவிடுகிறார்கள்.

அடுத்து, 20க்கு 30 வீட்டையே எடுத்துக்கொண்டு ஒன்பதாம் வகுப்பு அளவியலோடு சுவருக்கு வருவோம். 9 அங்குலச் சுவர், 10 அடி உயரம். 100 அடி என்று நீளத்தை எடுத்தால் நான்கு மூலைகளையும் இரண்டிரண்டு முறை எண்ணிவிடுகிறோம். சுவரின் நடுக்கோட்டில் அளந்தால் 97 அடிதான் வரும். அந்த 3 அடி அற்பமில்லை. ஏறக்குறைய 320 செங்கல். 97 × 10 × ¾ என்றால் 727½ கன அடி. இரண்டு கதவு, நான்கு சன்னலுக்கு ஏறத்தாழ 82 கன அடியைக் கழித்தால் 645. கலவையோடு சேர்த்து ஒரு செங்கலுக்கு 9 × 4½ × 3 அங்குலம் என்று வைத்தால், ஒரு கன அடிக்கு 14.2 செங்கல். ஆக, வெளிச்சுவருக்கு மட்டும் ஏறத்தாழ 9,200 செங்கல். உடைசலுக்கு நூற்றுக்கு 5 சேர்க்க வேண்டும். அந்தச் சுவருக்குள் நடமாடக் கிடைக்கும் இடம் 18½ × 28½, அதாவது 527 சதுர அடி. மீதி 73 சதுர அடியில் வெளிச்சுவரே நிற்கிறது. "600 சதுர அடி வீடு" என்றால் எது 600 என்று கேட்க இந்த ஒரு கணக்கு போதும்.

மேல்தளக் கான்கிரீட்டை நான் தவறாமல் கரும்பலகையில் போடுவேன், எண்கள் அவ்வளவு ஒழுங்காக வரும். 600 சதுர அடி, 5 அங்குல கனம். 250 கன அடி. ஆனால் சிமென்ட், மணல், ஜல்லி மூன்றையும் 250 கன அடிக்கு வாங்கினால் போதாது. ஏன்? ஒரு டம்ளர் நிறைய ஜல்லி போடுங்கள், அதன்மேல் மணல் கொட்டுங்கள், பிறகு தண்ணீர் ஊற்றுங்கள். எல்லாம் இடுக்குக்குள் இறங்கிவிடும். அதனால் உலர்ந்த நிலையில் 1.54 மடங்கு எடுப்பது வழக்கம். 250 × 1.54 = 385. கலவை விகிதம் 1 : 1½ : 3, கூடுதல் 5½. 385ஐ 5½ஆல் வகுத்தால் 70. சிமென்ட் 70 கன அடி, எம்-சாண்ட் 105, ஜல்லி 210. ஒரு மூட்டை சிமென்ட் ஏறத்தாழ 1.22 கன அடி. எனவே 57 மூட்டை. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. எம்-சாண்ட் ஒரு யூனிட்டும் ஜல்லி இரண்டு யூனிட்டும் வாங்கினால் கொஞ்சம் குறையும். விகிதம், சமானம் பாடத்துக்கு இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைத்ததில்லை.

இந்தக் கணக்கைப் போட்ட நாளில் என் வகுப்பில் வழக்கமாக வாய் திறக்காத ஒரு மாணவி எழுந்தாள். அவள் அம்மா சித்தாள். "தளம் போடுற அன்னைக்கு மூட்டையைப் பாதியில தேடிக்கிட்டு ஓட முடியாது சார், நாலஞ்சு மூட்டை சேர்த்தே இறக்குவாங்க" என்றாள். கான்கிரீட்டை இடையில் நிறுத்தினால் அந்த இடத்தில் இணைப்பு விழும், நீர் கசியும் என்பதை அவள் வீட்டில் கேட்டிருக்கிறாள். 57 என்ற விடைக்கு முழு மதிப்பெண். ஆனால் களத்தில் 57 போதாது. மதிப்பீடு என்பதன் பொருளை அன்று வகுப்புக்குச் சொன்னது அவள்தான்.

அடுத்த வாரம் பெற்றோரில் ஒரு கொத்தனாரை அழைத்திருந்தோம். நூல் கயிற்றில் 3 அடி, 4 அடி, 5 அடி என்று குறித்து மூலை எடுத்துக் காட்டினார். பிதாகரஸ் பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. தண்ணீர்க் குழாயில் மட்டம் பார்த்தார், தூக்குக் குண்டு விட்டுச் சுவர் பார்த்தார். 12 மில்லிமீட்டர் கம்பி ஒரு மீட்டர் எவ்வளவு எடை இருக்கும் என்று பையன்கள் கேட்டதும், முக்கால் கிலோவுக்கு மேல், ஒரு கிலோவுக்குக் கீழே என்றார். விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுக்கும் சூத்திரத்தில் போட்டால் 0.89 கிலோ. வகுப்பு கைதட்டியது. அவர் மகன் அன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

நம் பகுதிக்கே உரிய ஒரு செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏரியை ஒட்டிய தாழ்வான மனைகளில் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும். அடிமட்டத்தை 2 அடியிலிருந்து 3½ அடியாக உயர்த்த நினைத்தால், வீட்டின் உள்ளே மட்டும் 527 × 1½, சுமார் 790 கன அடி மண் கூடுதல். எட்டு யூனிட், இடித்துக் கெட்டிப்படுத்தும்போது அதற்கும் மேல் பிடிக்கும். சதுர அடி விலையைச் சொல்லுகிறவர் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. மனையை மழைக்காலத்தில் போய்ப் பார்க்காதவரும் கேட்பதில்லை.

எட்டாம் வகுப்பு வாழ்வியல் கணிதத்துக்கு வருவோம். 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆனது. மூட்டை விலை 10 விழுக்காடு குறைந்திருக்க வேண்டும் என்று பலர் சொன்னார்கள், ஆசிரியர்கள் உட்பட. அடக்க விலை 100 ரூபாய் என்றால் முன்பு 128, பிறகு 118. 128க்கு 10 ரூபாய் குறைவு, 7.8 விழுக்காடுதான். எதன்மேல் விழுக்காடு என்ற கேள்வியைப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

இப்போது நான் இதையெல்லாம் வலியுறுத்துவதற்கான காரணம். மதிப்பீட்டில் 2 லட்சம் விட்டுப்போனால் என்ன ஆகும்? கட்டடம் லிண்டல் மட்டத்தில் நிற்கும். வங்கிக் கடன் முன்பே ஒப்புதலான தொகைதான். கூடுதலாக உடனே கிடைக்காது. அப்போது வெளியில் "ரெண்டு வட்டி"க்கு வாங்குகிறார்கள். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய். 2 லட்சத்துக்கு மாதம் 4,000 ரூபாய் வட்டி, அசல் அப்படியே இருக்கும். அதே 2 லட்சம் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்ந்து, ஆண்டுக்கு 9 விழுக்காட்டில் 20 ஆண்டு வீட்டுக் கடனாக வந்திருந்தால், மாதத் தவணை ஏறத்தாழ 1,800 ரூபாய். அதில் அசலும் கழியும். இந்த இரண்டு எண்களுக்கும் இடையில்தான் சில பிள்ளைகளின் ட்யூஷன் கட்டணமும், சில வேளை படிப்புமே போகிறது. பத்தாம் வகுப்பு முடித்த பையன் "அப்பா கடனை அடைக்கணும் சார்" என்று வேலைக்குப் போவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

அரசு உதவியிலும் இந்தக் கணக்கு வேண்டும். ஊரகப் பகுதிகளுக்கான கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். வகுத்தால் சதுர அடிக்குச் சுமார் 972 ரூபாய். சுற்றியுள்ள ஊராட்சிகளிலிருந்து வரும் நம் பிள்ளைகளின் குடும்பம் இதைப் பெற்றால், 360க்குள் நிற்பதா, கடன் வாங்கி 500 ஆக்குவதா என்ற பேச்சு வீட்டில் நடக்கும். அந்தப் பேச்சில் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணும் உட்காரட்டும்.

ஓர் எச்சரிக்கை. "உங்கள் வீடு எத்தனை சதுர அடி?" என்று வகுப்பில் கேட்காதீர்கள். ஒற்றை அறை வாடகை வீட்டிலும் தகரக் கூரையிலும் இருக்கிற பிள்ளைகள் நம் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாருக்கும் பொதுவாக ஒரு வீட்டைக் கரும்பலகையில் வரையுங்கள். அதற்கு ஒரு பெயரும் வைக்கச் சொல்லுங்கள். விலையைப் பிள்ளைகளே கடையில் விசாரித்து வரட்டும். செங்கல் விலையை ஒருவர், கம்பி விலையை ஒருவர், கூலியை ஒருவர். இரண்டு பேர் கொண்டுவரும் விலை ஒத்துப்போகாது. ஏன் என்று அவர்களே பேசட்டும். அரை மணி நேரம் போவதே தெரியாது.

அளவு நாடாக்கள் ஆறு கொண்டுவந்திருக்கிறேன். உணவு இடைவேளைக்குப் பிறகு குழுக்களாகப் பிரிந்து இந்தப் பள்ளியின் சுற்றுச்சுவரை அளப்போம். வாசலைக் கழிக்க வேண்டும், மூலையை ஒருமுறைதான் எண்ண வேண்டும். செங்கல் எத்தனை என்று ஒவ்வொரு குழுவும் தனித்தனியே எழுதிக் கொடுங்கள், மூன்று மணிக்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.