போர்க்கழிவும் அச்சாரமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழாவிலே இலக்கியம் பேசுவதுதான் வழக்கம். ஆயினும் இம்மாநகரில் வாழும் நம்மவருள் வணிகரும் கணக்கரும் பொறியாளரும் மிகுதியாக இருத்தலின், அன்றாட வாழ்வைத் தொடும் செய்தி ஒன்றைப் பேச விழைகின்றேன். போர் முடிந்தபின் படைகள் விட்டுச் சென்ற பொருள்களை விற்றதும் வாங்கியதும் பற்றியது அது. அவ்வாணிகத்தில் எழுந்த வழக்கொன்றில் உறுதிப்பட்ட சட்டநெறி, வீடோ நிலமோ வாங்க அச்சாரம் கொடுக்கும் நம் ஒவ்வொருவரையும் இன்றும் தொடுகின்றது.

இரண்டாம் உலகப் போரின்போது பர்மாவுக்கும் சீனத்துக்கும் சென்ற படைகளுக்குக் கல்கத்தாவே தலைவாயிலாக விளங்கிற்று. நம் ரெட் ரோடு சாலையிலேயே போர் விமானங்கள் ஏறி இறங்கின. பர்த்துவானுக்கு அப்பால், கிராண்ட் டிரங்க் சாலையை ஒட்டிய பானாகரில் அமெரிக்க விமானப் படை பெருந்தளம் ஒன்று வைத்திருந்தது. 1945-இல் போர் ஓய்ந்தது. லாரிகளும் ஜீப்புகளும் விமானங்களும் எந்திரங்களும் கேட்பாரற்றுக் குவிந்து கிடந்தன. 1946 மே மாதத்தில் இரு அரசுகளும் செய்துகொண்ட உடன்படிக்கையால், இங்கே கிடந்த அமெரிக்க உபரிப் பொருள்கள் இந்திய அரசின் வசமாயின. விற்பனை தொடங்கிற்று. துப்பாக்கி முதலிய படைக்கலங்கள் 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்கு உட்பட்டிருந்தமையின், கடைவீதிக்கு வந்தவை பெரும்பாலும் வண்டிகளும் உதிரிப் பாகங்களும் உலோகமுமே. இத்தகைய விற்பனையில் பொருள் இருந்த இடத்தில், இருந்த நிலையில் கைமாறுவதே வழக்கம். ஆதலின், பார்த்து வாங்கும் பொறுப்பு வாங்குவோன் தலைமேல் விழும்.

அந்த 1946-ஆம் ஆண்டு நவம்பரில், பானாகரில் கிடந்த விமான உடைசல் முழுவதையும் 10 இலட்சம் ரூபாய்க்கு விற்க டாட்டா ஏர்கிராஃப்ட் நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. வாங்க முன்வந்தது ஸ்ரீ அனுமான் காட்டன் மில்ஸ். விலையில் நான்கில் ஒரு பங்கான இரண்டரை இலட்சம் உடனே கொடுக்கப்பட்டது. மீதித் தொகை வரவில்லை. விற்றவர் முன்தொகையைப் பறிமுதல் செய்தனர். வாங்க வந்தவர் அதனை மீட்க வழக்குத் தொடுத்தனர். கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் தோற்று உச்சநீதிமன்றம் சென்றனர். 1969-இல் அங்கும் தோல்வியே கிட்டிற்று. உடைசலுக்குக் கொடுத்த பணத்துக்காக நடந்த வழக்கு முடிய இருபது ஆண்டுக்கு மேலாயிற்று.

தீர்ப்பின் சாரம் இது: ஒப்பந்தம் முடியும் தருணத்தில், அதனை நிறைவேற்றுவேன் என்பதற்குப் பிணையாகக் கொடுப்பது அச்சாரம். வாணிகம் நிறைவேறினால் அது விலையில் கழியும். வாங்குவோன் தவறினால் அது விற்றவனுக்கே உரியதாகும். விலையின் ஒரு பகுதியாக மட்டும் கொடுத்த முன்பணத்தின் நிலை வேறு. அதனைப் பறிமுதல் செய்ய இயலாது. பத்திரத்தில் உள்ள சொல்லை மட்டுமன்றி, தொகை எதன்பொருட்டுக் கொடுக்கப்பட்டது என்பதையும் நீதிமன்றம் ஆராயும். அச்சாரத் தகராறுகளில் இத்தீர்ப்பு இன்றும் மேற்கோளாக எடுத்தாளப்படுகின்றது.

தனி வணிகர் மட்டும் இவ்வாறு இழக்கவில்லை, அரசும் இழந்தது. 1948-இல் இலண்டனில் இந்தியத் தூதராயிருந்த கிருஷ்ண மேனன், நம் படைக்கெனப் பழைய ஜீப்புகளைப் புதுக்கித் தருமாறு அயல்நாட்டு நிறுவனம் ஒன்றோடு ஏறத்தாழ 80 இலட்சம் ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்தார். பொருளைச் சரிவரப் பார்ப்பதற்கு முன்பே பெருந்தொகை கொடுக்கப்பட்டது. வந்து சேர்ந்தவை 155 மட்டுமே. அவையும் படைக்கு உதவவில்லை. அனந்தசயனம் அய்யங்கார் தலைமையிலான குழு விசாரித்தது. நாடாளுமன்றத்தில் புயல் எழுந்தது. 1955-இல் அரசு அவ்விவகாரத்தை முடிந்ததாக அறிவித்தது.

இவ்வாணிகம் முழுவதும் இழப்பே என்று எண்ணிவிட வேண்டா. கான்பூரில் பிரிட்டிஷார் விட்டுச் சென்ற லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள், மீண்டும் பறவாதபடி வேண்டுமென்றே சிதைக்கப்பட்டிருந்தன. பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையினர் அவற்றை நேரிற் சென்று ஆராய்ந்தனர். பறக்கும் அளவுக்கு மட்டும் பழுது நீக்கியபின், ஜம்ஷெட் முன்ஷி என்னும் விமானி அவற்றைப் பெங்களூருக்கு ஓட்டிச் சென்றார். அங்கே முற்றும் செப்பனிடப்பெற்ற ஏறத்தாழ 40 விமானங்கள் 1948 முதல் நம் விமானப் படையில் சேர்ந்தன. 1968 வரை பணியாற்றின. அவற்றுள் ஒன்று இன்று இலண்டன் விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கின்றது. எதனை வாங்குகிறோம் என்று அறிந்தவர் கையில் கழிவும் கருவியாயிற்று.

‘தெரிந்து செயல்வகை’ என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். வரப்போகும் ஊதியத்தை நம்பிக் கையிலுள்ள முதலை இழக்கும் செயலை அறிவுடையோர் மேற்கொள்ளார் என்பது அதில் ஒரு கருத்து. மல்லிக் பஜாரில் பழைய உதிரிப் பாகம் தேடுவோருக்கும், புறநகரில் மனை தேடுவோருக்கும் அது பொருந்தும். அன்பர்களே, பொருளைப் பாருங்கள், பத்திரத்தைப் படியுங்கள், கொடுப்பது அச்சாரமா முன்பணமா என்று தெளிவாக எழுதி வாங்குங்கள், மீதித் தொகைக்கு வழி கண்டபின் கையை நீட்டுங்கள். அயலூரில் உழைத்துச் சேர்த்த பொருளைக் காப்பதும் நம் கடமைகளுள் ஒன்றன்றோ!