கயிறா, வேலியா?
(இல்லத் தோட்டமும் வளர்ப்பு நாயும் குறித்து ஆற்றிய உரை)



நாஞ்சில் நாட்டில் வீட்டை ஒட்டித் தோட்டம் இல்லாத இல்லம் குறைவு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஒருங்கே பெறும் மண் அது. பத்தடி நிலம் கிடைத்தாலும் அங்கே வழுதலை காய்க்கும். பந்தலில் புடலையும் பாகலும் தொங்கும். மூலையில் மட்டி வாழை ஒன்று குலை தள்ளும். அத்தோட்டத்தின் வாயிலில் ஒரு நாய் படுத்திருக்கும்.

அறநூலின் கண்கொண்டு நோக்கினால், அச்சிறு நிலத்தில் ஐவகை உயிரும் வாழ்கின்றன. வழுதலைச் செடி ஓரறிவுயிர். மண்ணைக் கிளறும் புழு ஈரறிவுயிர். எறும்பு மூவறிவுயிர். பூசணிப்பூவை நாடும் வண்டு நாலறிவுயிர். நாயோ ஐம்பொறிகளோடு மனமும் உடையது. எவ்வுயிரும் வாழ விரும்புகிறது. இவற்றிடையே இல்லறத்தார் எவ்வாறு நடந்துகொள்வது என்பதே இவ்வுரையின் பொருள்.

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். மூதாட்டி ஒருத்தி மாலையில் நாற்று நட்டு நீர் ஊற்றுகிறாள். விடியலில் பாத்தி குழியாகக் கிடக்கிறது; நாற்றுகள் வேரோடு வாடிக் கிடக்கின்றன. மண் படிந்த மூக்கோடு நாய் வாலாட்டி வருகிறது. மகன் தடியை எடுக்கிறான். பின்னர்ச் சங்கிலி வாங்கி வந்து தூணில் கட்டுகிறான். தோட்டம் பிழைக்கிறது. நாயோ நாள் முழுதும் நான்கடி வட்டத்திற்குள் சுற்றிச் சுற்றிக் குரைத்து, பின் குரைப்பதையும் விட்டுவிடுகிறது. மூதாட்டிக்குச் செடியும் வேண்டும், நாயும் வேண்டும். அவள் என் செய்வாள்?

கொல்லாமை என்னும் அணுவிரதத்திற்கு ஐந்து குற்றங்களைத் தத்துவார்த்த சூத்திரம் வகுத்துரைக்கிறது. கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. இவற்றுள் கட்டிவைத்தலே முதலில் நிற்பது கருதத்தக்கது. உயிரைப் போக்கவில்லை என்பதனால் மட்டும் நோன்பு நிறைவு பெறாது. அந்த மகன் சினத்தில் தடியெடுத்து, சோம்பலில் சங்கிலி பூட்டியபோது இரு குற்றங்களுக்கு ஆளானான். நாட்டின் சட்டமும் இதனை ஒட்டியே நிற்கிறது. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், வழக்கமாகக் கட்டியே வைக்கும் நாய்க்குப் போதிய நடமாட்டம் தராத உரிமையாளரைக் குற்றவாளி எனக் கூறுகிறது.

இவ்விடத்தில் சீவக சிந்தாமணியை நினையாதிருக்க இயலாது. திருத்தக்கதேவர் இயற்றிய அப்பெருங்காப்பியத்தின் குணமாலையார் இலம்பகத்தில் ஒரு நாய் வருகிறது. பிறருக்கென ஆக்கிய சோற்றைத் தீண்டியதால் அது அடியுண்டு உயிர் துடிக்கிறது. வழியே வந்த சீவகன் அதன் செவியில் ஐம்பத மந்திரத்தை ஓதுகிறான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் இயக்கனாகப் பிறக்கிறது. பின்னாளில் கட்டியங்காரன் சீவகனைக் கொல்லத் துணிந்தபோது, அவனைக் காத்துக் கொண்டு சென்றவன் அந்தச் சுதஞ்சணனே.

அந்த நாய் செய்த பிழை யாது? மனிதர் தமதென்று கருதிய உணவில் வாய் வைத்தது. பாத்தியைக் கிளறிய நாயின் பிழையும் அதுவே. எது எவருடையது என்று விலங்கு அறியாது. அறிந்த மனிதன் அடித்ததைக் காப்பியம் காட்டி, அறிந்த மற்றொருவன் இரங்கியதையும் அருகே வைக்கிறது.

இரக்கம் மட்டும் நாற்றைக் காக்குமோ எனின், காவாது. நாய் ஏன் தோண்டுகிறது என்று அறிதல் வேண்டும். வெயிற்காலத்தில் ஈரமண் அதன் வயிற்றைக் குளிர்விக்கிறது. புதிதாகக் கிளறிய மண்ணும் எருவும் அதன் மூக்கை இழுக்கின்றன. செய்ய ஒன்றுமின்றி இருக்கும் நாய் இன்னும் மிகுதியாகத் தோண்டும். ஆகவே தோட்டத்தின் நிழலான மூலை ஒன்றை அதற்கென ஒதுக்கி, மணல் பரப்பி, நாள்தோறும் நீர் தெளித்துவைத்தல் நன்று. காலையும் மாலையும் அதனை நடத்திச் செல்லுதல் வேண்டும். நாய் எல்லையோரமாகவே சுற்றிவரும் இயல்புடையது. அவ்வழியில் பாத்தி அமைத்தால் மிதிபடும். வேலியோரம் இரண்டடிப் பாதை விட்டுப் பாத்திகளை நடுவே உயர்த்தி அமைத்தால் பூசல் பாதி தீரும். மூங்கிற் பிளாச்சாலோ தென்னை மட்டையாலோ ஒன்றரையடி வேலி இடின், பழகிய நாய்க்கு அதுவே போதிய குறிப்பு.

சுருங்கக் கூறின், கட்ட வேண்டியது நாயை அன்று, பாத்தியை.

காக்க வேண்டியது செடியை மட்டுமன்று. ஆமணக்குப் புண்ணாக்கு நாய்க்குக் கடும் நஞ்சு. அதன் மணமோ நாயை அழைக்கும். எலி மருந்தும் நத்தை மருந்தும் உண்ட நாய் மாளும். கொல்லாமை நோன்பினர் தோட்டத்தில் அவற்றுக்கு முன்னமே இடமில்லை. வேலிக்கு அரளி வைப்பதையும் தவிர்க்கலாம். வெங்காயமும் பூண்டும் நாயின் குருதிச் சிவப்பணுக்களைச் சிதைப்பன. அவற்றை விலக்கிய அடுக்களையின் சோறு இவ்வகையில் அதற்குத் தீங்கற்றது. ஆயின் திராட்சை, உலர்ந்ததாயினும், அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிரசாதம் பகிரும் சிறுவர்க்கு இதனைச் சொல்லிவைத்தல் நன்று. நாயின் மலத்தைக் காய்கறி எருவில் சேர்த்தலாகாது. குடற்புழுக்களின் முட்டைகள் அதில் இருக்கக்கூடும். சிறுநீர் பட்ட இலைகள் உப்பாலும் தழைச்சத்து மிகுதியாலும் கருகும். உடனே நீர் ஊற்றினால் தப்பும். வெறிநாய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாது போடுதல் வேண்டும்.

இன்னும் ஓர் ஐயம் எஞ்சி நிற்கிறது. பிற உயிரைக் கொல்லும் விலங்கை வளர்த்தல் தகாது என இல்லற ஒழுக்க நூல்கள் சில விலக்குகின்றன. நாய் அணிலைத் துரத்தும், ஓணானைக் கவ்வும். இவ்விலக்கைப் புறந்தள்ளுதல் முறையன்று. வேட்டைக்கென நாயை ஏவுதல் ஒன்று. வாயிலில் வந்து ஒண்டிய உயிருக்குச் சோறிடுதல் வேறு. முன்னது தீது. பின்னதை ஏற்றவர், அதன் பசி தீர்த்து, அழைத்தால் திரும்பும் பழக்கமும் ஊட்டுதல் கடன். குஞ்சுகள் தரையில் தத்தும் நாள்களில் சிறு பொழுது அதனை உள்ளே வைத்திருத்தல் அருளின்பாற்படும். அச்சிறு பொழுதே நாள் முழுதுமாகிவிட்டால் அது கட்டிவைத்தலாகும். எது எதுவென்று அறிவது அவரவர் நெஞ்சு.

மார்த்தாண்டத்திற்கு அண்மையிலுள்ள சிதறால் மலையில் பார்சுவநாதரும் மகாவீரரும் அம்பிகை இயக்கியும் பாறையில் வீற்றிருக்கின்றனர். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், குணந்தாங்கிக் குரத்தியார் அங்கே பகவதிக்குப் பொன்னணி அளித்ததைக் கல்வெட்டு உரைக்கிறது. அத்தகைய கொடை எல்லோர்க்கும் இயலாது. ஓர் உயிரின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து, அதற்கு ஈடாகப் பாத்திக்கு வேலி முடைவது எவர்க்கும் இயலும்.

அந்த மூதாட்டி மறுநாளும் நாற்று நடட்டும். மகன் மட்டை கொண்டு வேலி முடையட்டும். நாய் வேலிக்கு வெளியே, ஈரமணலில் வயிற்றை வைத்துப் படுத்து அதனைப் பார்த்திருக்கட்டும்.

அறம் வளர்க! எவ்வுயிரும் இன்புறுக!