ஊர் கூடினால் மட்டும் தேர் நகருமா?

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் தேநீர் குடிக்கும்போது இறுதியாண்டு மாணவி ஒருவர் கேட்டார்: "சார், வருஷா வருஷம் உலகத் தலைவர்களெல்லாம் ஃபிளைட் ஏறிப் போய்க் கூடிப் பேசறாங்க. புகை குறைஞ்ச மாதிரி தெரியலையே. பருவநிலைக்கு இந்த மாநாடெல்லாம் தேவைதானா?" உடனே 'தேவைதான் அம்மா' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கேள்வியையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அவர் சந்தேகம் நியாயமானது. 1992-ல் ரியோ டி ஜெனிரோ மாநாட்டில் பருவநிலை ஒப்பந்தத்தில் நாடுகள் கையெழுத்திட்டன. 2023-ல் துபாயில் கூடிய 28-வது மாநாட்டுக்கு 80,000 பேருக்கு மேல் வந்தார்கள். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு மூன்றையும் விட்டு விலக வேண்டும் என்ற பொருளில் ஒரு வாசகம் முடிவில் இடம்பெற்றது அங்கேதான் முதன்முறை. நோயின் காரணம் மூன்றையும் விட்டு விலகச் சொல்லவே 31 வருஷம்! எல்லா நாடும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு என்பது வழக்கம். ஆகவே யாருக்கும் வலிக்காத வார்த்தையாகப் பார்த்துப் பொறுக்குகிறார்கள். இதற்கிடையே 2024-ம் ஆண்டின் சராசரி வெப்பம், தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 1.5 டிகிரிக்கு மேல் உயர்ந்துவிட்டது.

அப்படியானால் எல்லாம் வீணா? நான் வேதியியல் படித்தவன். ஒரு வாயுவின் கதையைச் சொல்கிறேன். பழைய ஃபிரிட்ஜ்களில் ஓடிய குளோரோ புளோரோ கார்பன் ஓசோன் படலத்தைத் தின்னும் என்று 1974-ல் மோலினா, ரௌலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் சொன்னார்கள். 1985-ல் அண்டார்க்டிகாவுக்கு மேலே ஓசோன் ஓட்டை வெளிப்பட்டது. 1987-ல் மாண்ட்ரியலில் ஒப்பந்தம் ஆயிற்று. "ஓட்டை போட்டது நீங்கள், செலவு எங்களுக்கா?" என்று வளரும் நாடுகள் கேட்டன. 1990-ல் லண்டனில் கூடி அதற்கென்று ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். 1992-ல் இந்தியா சேர்ந்தது. 2010-க்குள் வளரும் நாடுகளும் அந்த வாயுவைக் கைவிட்டன. இன்று ஓசோன் படலம் மெல்லத் தேறி வருகிறது. இதுவும் மாநாட்டில் பிறந்ததுதானே?

அங்கே மூன்று விஷயம் தெளிவாக இருந்தது. எதை நிறுத்துவது, எந்தத் தேதிக்குள், செலவு யார் தலையில். சேராத நாட்டோடு அந்தப் பொருளில் வியாபாரம் கிடையாது என்ற பிடியும் இருந்தது. நிலக்கரி அத்தனை சுலபமில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். அந்த வாயுவுக்கு மாற்று கிடைத்தது, தயாரித்தவர்களும் சிலரே. நிலக்கரியோ ரயில், இரும்பு, வீட்டு விளக்கு என்று எல்லாவற்றிலும் கலந்து கிடக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. 2015 பாரிஸ் ஒப்பந்தத்தில் 1.5 டிகிரி என்ற வரம்பு ஏறியதற்குக் கடல் மட்டம் உயர்ந்தால் மூழ்கப்போகும் குட்டித் தீவு நாடுகளின் பிடிவாதம் முக்கியக் காரணம். வல்லரசுகள் நாலைந்து மட்டும் ஓர் அறையில் உட்கார்ந்து பேசியிருந்தால் அந்தத் தீவுகளின் குரல் யார் காதில் விழுந்திருக்கும்? ஆகவே பெரிய சபை வேண்டும்தான்.

ஆனால் பாரிஸில் தண்டனை கிடையாது. ஒவ்வொரு நாடும் தானே வாக்கு எழுதித் தருகிறது. மின் நிறுவுதிறனில் பாதியை 2030-க்குள் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு அல்லாத வழிக்கு மாற்றுவதாக இந்தியா எழுதித் தந்தது. 2025-லேயே அதை எட்டிவிட்டது. பெருமைப்படலாம். ஆனால் உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியில்தான் வருகிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் வேண்டும்.

தேர் இழுக்க ஊர் கூடத்தான் வேண்டும். கூடி நின்று கும்பிட்டுவிட்டுக் கலைந்தால் தேர் நிலையிலேயே நிற்கும். மாநாடு தருவது வடம் மட்டுமே. இழுப்பது அவரவர் ஊரில்தான். தம்பி தங்கைகளே, அடுத்த மாநாட்டுச் செய்தி வந்தால் கைகுலுக்கும் படத்தோடு நின்றுவிடாதீர்கள். எதை, எப்போதுக்குள், யார் செலவில் என்று தேடிப் படியுங்கள். பதில் இல்லையென்றால் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கேளுங்கள்.

அந்த மாணவிக்கு என் பதில் இதுதான்.