இறுகிப்போன பிளைவீலைக் கழற்றும் முறை

பழைய அவுட்போர்டு இன்ஜினில் பிளைவீலைப் பிடித்து வைத்திருப்பது நடுவில் தெரியும் நட்டு மட்டும் அல்ல. கிராங்க் ஷாஃப்ட்டின் மேல்முனை கூம்பாகச் சரிந்திருக்கும்; பிளைவீலின் நடுத்துளையும் அதே சரிவில் கடையப்பட்டிருக்கும். ஒன்றுக்குள் ஒன்று செருகிய எவர்சில்வர் டம்ளர்களைப் போல இரண்டும் கவ்விக்கொள்கின்றன. நட்டு வந்த பிறகும் சக்கரம் அசையாததற்குக் காரணம் இதுதான். ஷாஃப்ட்டில் இருக்கும் சின்னக் கீ, தீப்பொறி விழும் நேரம் பிசகாமல் சக்கரத்தை உரிய இடத்தில் உட்கார வைப்பதற்கு. பளுவைத் தாங்குவது கூம்பின் பிடிப்பு. உப்புக்காற்றில் கிடந்த இன்ஜின் என்றால் இதோடு துருவும் சேர்ந்துகொள்ளும். பழைய இன்ஜின்கள் பலவற்றில் பாயிண்ட், கண்டன்சர், காயில் எல்லாம் பிளைவீலுக்கு அடியில்தான் இருக்கின்றன. அவற்றைத் தொட வேண்டுமானால் இதைக் கழற்றியே ஆக வேண்டும்.

முதல் வேலை, பெட்ரோல் டாங்கை அப்புறப்படுத்தி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றுவது. சக்கரம் சுழலாமல் பெல்ட் ஸ்பானரால் பிடித்துக்கொண்டு நட்டைத் தளர்த்தலாம். சக்கரத்தின் விளிம்புப் பல்லுக்கு நடுவே ஸ்குரூ டிரைவரைச் செருகி நிறுத்தினால் பல் உடையும். நட்டை முழுக்க எடுத்துவிடவும் கூடாது. நட்டின் மேல்முகமும் ஷாஃப்ட்டின் முனையும் சமமாக நிற்கும்வரை தளர்த்தி விட்டுவைத்தால், ஷாஃப்ட்டின் மரை நசுங்காது. சக்கரம் விடுபடும்போது துள்ளி விழவும் செய்யாது.

அடுத்து, சக்கரத்தை இழுத்தெடுக்கும் புல்லர். சக்கரத்தின் நடுப்பகுதியில் பெரும்பாலும் மூன்று மரைத் துளைகள் இருக்கும்; புல்லர் தகட்டின் போல்ட்டுகள் அவற்றில்தான் ஏற வேண்டும். விளிம்பைக் கவ்வி இழுக்கும் கால் புல்லர் இந்த வேலைக்கு ஆகாது. அது சக்கரத்தைக் கோணலாக்கும், உள்ளே ஒட்டிய காந்தங்களையும் உடைக்கும். போல்ட்டின் அளவு தனிக் கவனத்துக்குரியது. ஜான்சன், எவின்ரூட் போன்ற பழைய அமெரிக்க இன்ஜின்களில் மரை அங்குலக் கணக்கு. யமஹா, சுசுகியில் மில்லிமீட்டர். 5/16 அங்குலத் துளையின் விட்டம் 7.94 மி.மீ. என்பதால் 8 மி.மீ. போல்ட் சில சுற்று ஏறத்தான் செய்யும். ஆனால் மரையின் இடைவெளி ஒன்றில் 1.41 மி.மீ., மற்றதில் 1.25 மி.மீ. ஆகவே பாதியில் இறுகும். அதற்குமேல் பலம் கொடுத்தால் துளையின் மரை போய்விடும். சரியான போல்ட்டும் ஏறக்குறைய தன் விட்டத்தின் அளவுக்காவது உள்ளே போக வேண்டும். அதிகம் நீண்டால் அடியிலுள்ள காயிலைக் குத்திவிடும்.

ஷாஃப்ட்டின் முனையை அழுத்தும் புல்லரின் நடு போல்ட்டின் மரையில் கிரீஸ் தடவி, தகடு சாயாமல் இறுக்க வேண்டும். நன்றாக இறுகியதும் அந்த போல்ட்டின் தலையில் சுத்தியலால் நேராக, சுருக்கென்று ஒரு அடி. வரவில்லையென்றால் கால் சுற்று இறுக்கி மறுபடி ஓர் அடி. பிடி விடும்போது ‘டக்’கென்று சத்தம் கேட்கும். அப்படியும் மசியாவிட்டால், கூம்பின் இடுக்கில் துரு நீக்கும் எண்ணெய் விட்டு, புல்லரை இறுக்கிய நிலையிலேயே இரவு முழுக்க விட்டுவைப்பது நல்லது. கடைசி வழி சூடு. ஹீட் கன்னால் நடுப்பகுதியை மட்டும் சூடாக்கலாம். நெருப்புச் சுடர் அறவே கூடாது: பெட்ரோல் ஆவி ஒரு பக்கம், சூட்டில் வலுவிழக்கும் காந்தம் இன்னொரு பக்கம்.

அடியில் கடப்பாரை கொடுத்து நெம்பிக்கொண்டே ஷாஃப்ட்டின் தலையில் ஓங்கி அடிக்கும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. சில சமயம் பலிக்கவும் செய்கிறது. ஆனால் அந்த அடி முழுவதும் கிராங்க் பேரிங்கில் போய் இறங்குகிறது. லேத் பட்டறையில் புல்லருக்காகக் கனமான தகட்டில் நான்கு துளை போட்டு வாங்கும் செலவு, பேரிங் மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

திரும்பப் பூட்டும்போது கூம்பும் துளையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைக்கப்பட்டிருக்க வேண்டும். கீ சற்று வெட்டுப்பட்டிருந்தாலும் புதியது போட வேண்டும். நட்டை அந்த மாடலின் கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். குறைவாக இறுக்கிய சக்கரம் ஓட்டத்தில் நழுவிக் கீயை வெட்டிவிடும்.